ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சை அளந்து பார்த்தல்

சுவாசக் கிளினிக்கில் வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் "பிள்ளை இப்ப எப்படி?" என்பதாகவும், அதற்குத் தாய் சொல்லும் விடை "பரவாயில்லை டொக்டர்" என்பதாகவும் இருக்கும். தாய் எதையும் மறைக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்து, இலக்கம் எடுத்து, பத்து மணியளவில் வைத்தியரின் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு அந்த வேளையில் வீசிங் இருக்காது. முதுகில் குழாயை வைத்துக் கேட்டாலும் காற்றுச் சீராகப் போய் வருவதே கேட்கும். அதே பிள்ளை முந்தின இரவு மூன்று மணிக்கு எழும்பிக் கட்டிலில் குந்தியிருந்து இருமியதை, தடிமன்தானே என்று தாய் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கலாம்.

எம்மவர்கள் முட்டு, இழுப்பு, வீசிங் என்று பல பெயர்களால் சொல்லும் இந்த நோயின் இயல்பே ஏற்ற இறக்கம்தான். நாளுக்கு நாள் மாறுகிறது, ஒரே நாளிலும் காலைக்கும் மாலைக்கும் இடையே மாறுகிறது, மழைக்கும் பனிக்கும் தூசிக்கும் ஏற்ப மாறுகிறது. ஆகவே ஒரு காலைப்பொழுதில் ஒரு தடவை பார்த்துச் சொல்லும் முடிவு, ஓடும் பேருந்தை ஒரேயொரு புகைப்படத்தில் பார்த்து அதன் வேகத்தைச் சொல்வதற்கு ஒப்பானது. நுரையீரலின் செயற்பாட்டைக் கண்காணித்தல் என்று வைத்தியர்கள் சொல்வது, அந்த மாற்றத்தை எண்களாகப் பிடித்து வைக்கும் வேலையைத்தான்.

எதை அளக்கிறோம் என்பது விளங்க வேண்டுமானால், குழாய்க்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது, அதன்மேல் கெட்டியான சளியும் சேர்கிறது. மூன்றும் சேர்ந்து காற்றுப் போகும் வழியை ஒடுக்குகின்றன. இந்த ஒடுக்கம் கண்ணுக்குச் சிறிதாக இருந்தாலும் விளைவு சிறிதல்ல. சீராக ஓடும் காற்றுக்குக் குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால், எதிர்ப்பு இரண்டு மடங்காக அன்றிப் 16 மடங்காகக் கூடுகிறது. பெரியவரை விடப் பிள்ளையின் மூச்சுக்குழாய் இயல்பாகவே சிறியது என்பதால், ஒரே அளவு வீக்கம் பெரியவருக்கு வெறும் நெஞ்சு இறுக்கமாகவும் பிள்ளைக்குப் பெரும் முட்டாகவும் முடிவது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிந்து குழாய்களையும் சற்று இழுத்துத் திறக்கிறது; வெளியே விடும்போது அவை இயல்பாகவே ஒடுங்குகின்றன. ஏற்கனவே ஒடுங்கிய குழாயில் இந்தச் சிரமம் வெளிமூச்சில்தான் முதலில் தெரியும். விசில் போன்ற சத்தமும் பெரும்பாலும் வெளிமூச்சிலேயே கேட்கும். அளவைக் கருவிகள் எல்லாம் பிள்ளையை ஊதச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அந்தக் கருவிகளில் மூத்தது ஸ்பைரோமீற்றர். 1846 இல் ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர், ஒருவர் முழு மூச்சாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவைத் தண்ணீரில் மிதக்கும் ஒரு மணிப்பாத்திரத்தைக் கொண்டு அளந்து காட்டினார். இன்றைய கருவி சிறு கணினியுடன் இணைந்தது என்றாலும் கேட்பது அதே முழு மூச்சைத்தான். பிள்ளை நெஞ்சு நிறைய இழுத்து, இயன்ற வேகத்தில், இனி ஊத ஒன்றுமில்லை என்னும் வரை ஊத வேண்டும். அதிலிருந்து முதன்மையாக இரண்டு அளவுகள் கிடைக்கின்றன: மொத்தமாக வெளியேறிய காற்று ஒன்று, அதில் முதல் ஒரு செக்கனில் வெளியேறிய பங்கு மற்றையது. பின்னதை எஃப்.ஈ.வி.1 என்பார்கள், கிளினிக் கொப்பியில் அடிக்கடி கண்ணில் படும் பெயர். ஒரு பிள்ளை மொத்தம் 1.8 லீற்றர் ஊதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற் செக்கனிலேயே 1.62 லீற்றர் வந்துவிட்டால் விகிதம் 0.90, சுகதேகியான பிள்ளைகளில் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும். அதே 1.8 லீற்றரில் முதற் செக்கனில் 1.26 மாத்திரமே வந்தால் விகிதம் 0.70 ஆகிறது, காற்று இருக்கிறது, வெளியே வரத்தான் வழி ஒடுங்கிக் கிடக்கிறது.

அதன் பிறகு நீல நிற பம்ப் எனப்படும் சல்பூட்டமோலை ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குடுவை) வழியாகக் கொடுத்து, 10 அல்லது 15 நிமிடம் காத்திருந்து மறுபடியும் ஊதச் செய்வார்கள். முதற் செக்கன் அளவு 12 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால், ஒடுக்கம் மருந்துக்கு இளகக் கூடியது என்றும், ஆஸ்துமாவுக்கு அது வலுவான சான்று என்றும் கொள்வர். இதற்காகத்தான் சோதனைக்கு வருமுன் குறைந்தது 4 மணித்தியாலம் நீல பம்ப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் பிள்ளைக்கு முட்டு வந்தால் சோதனையைப் பார்க்காமல் மருந்தைக் கொடுக்க வேண்டும், சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பைரோமெற்றி முடிவு நன்றாக வந்துவிட்டால் ஆஸ்துமா இல்லை என்று எண்ணிவிடும் பெற்றோர் பலர். பிள்ளைகளில், இரண்டு முட்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், முடிவு முற்றிலும் இயல்பாக இருப்பது சாதாரணம். சோதனை செய்த அந்த நேரத்தில் குழாய்கள் திறந்திருந்தன என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்வதில்லை. இங்கேதான் வீட்டில் வைத்து அளக்கும் சிறிய கருவியின் தேவை வருகிறது.

பீக் ஃப்ளோ மீற்றர் என்பது ஒரு சாண் நீளமான பிளாஸ்ரிக் குழாய். பேசில் மார்ட்டின் ரைட் என்ற பிரித்தானியர் 1959 இல் வெளியிட்ட முதற் கருவி பெரியது. கையடக்கமான சிறிய வடிவம் 1970களில் வந்தது. இதற்கு மின்சாரமோ பற்றரியோ தேவையில்லை. ஊதும் காற்று ஒரு முள்ளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தும். அந்த இடத்தில் உள்ள எண், மூச்சு அதன் உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்ற கணக்கில் பாய்ந்தது என்பதைச் சொல்லும். சிறுவர்களுக்கென ஏறக்குறைய 400 வரை மட்டும் அளவிட்ட கருவி தனியாக உண்டு. சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்களின் கருவியைக் கொடுத்தால் முள் அடியிலேயே நின்று சரியாக வாசிக்க முடியாமற் போகும்.

ஊதும் முறையில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. முள்ளை அடிக்குக் கொண்டுவந்து, பிள்ளையை நிற்க வைத்து, விரல்கள் முள்ளின் பாதையை மறைக்காமல் பிடிக்கச் செய்து, நெஞ்சு நிறைய இழுத்து, உதடுகளால் குழாயைச் சுற்றி இறுக மூடி, ஒரே வெடிப்பாக ஊதச் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கேக்கின் மெழுகுதிரியை ஊதுவது போல என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். ஆனால் பிள்ளைகள் மெழுகுதிரியை மெதுவாக நீட்டி ஊதுவார்கள், இந்தக் கருவிக்கோ முதற் கணத்தின் வேகம் மட்டுமே வேண்டும், நீட்டி ஊதுவதால் எண் கூடாது. மூன்று தடவை ஊதி, மூன்றில் கூடியதையே எழுத வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது. என் மகள் முதல் வாரத்தில் நாக்கு நுனியைக் குழாயின் வாயில் வைத்துக்கொண்டு ஊதி 150 ஐத் தாண்டாமல் நின்றாள். பிறகு அதைத் திருத்தியதும், ரம்புட்டான் கொட்டையைத் துப்புவதைப் போல கன்னத்தை உப்பித் துப்பி ஒரேயடியாக 370 காட்டினாள். இரண்டும் பிழை. துப்பும்போது வரும் வேகம் வாயினுடையது, நுரையீரலினுடையதல்ல. கிளினிக்கில் இருந்த தாதி அவளைத் தன் முன்னால் நான்கு தடவை ஊத வைத்துத் திருத்தியது, நான் வீட்டில் செலவழித்த ஒரு வாரத்தை விடப் பயன் தந்தது. மூன்று ஊதலும் ஒன்றுக்கொன்று கிட்டவாக வந்தால் முறை சரி. 180, 290, 220 என்று சிதறினால் முறையில்தான் கோளாறு.

சரியாக ஊதிப் பெற்ற எண் நல்லதா கெட்டதா? இந்தக் கேள்விக்கு அந்த எண் தனியாக விடை சொல்லாது. உயரத்தை வைத்து எதிர்பார்க்கப்படும் அளவுகளின் அட்டவணை உண்டு. 130 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்கு ஏறத்தாழ 250 என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஒரே உயரமுள்ள சுகதேகியான பிள்ளைகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. அதோடு அந்த அட்டவணைகளைத் தயாரிக்க எந்த நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள் என்பதும் முக்கியம். ஸ்பைரோமெற்றிக்காக 2012 இல் வெளியான உலகளாவிய சமன்பாடுகளில் வெள்ளையர், ஆபிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று பிரிவுகள் இருந்தனவே ஒழிய, இந்தியத் துணைக்கண்டத்தவருக்கென்று ஒரு பிரிவு இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் 'மற்றையோர்' என்ற பெட்டிக்குள்தான் போக வேண்டியிருந்தது. இனப் பிரிவு இல்லாத புதிய சமன்பாடுகள் 2022 இல் வந்தன. வீட்டில் அளப்பவர் இதையெல்லாம் நினைத்துக் குழம்பத் தேவையில்லை, ஏனெனில் வீட்டில் அட்டவணைக்கு வேலை குறைவு.

வீட்டில் வேலை செய்வது பிள்ளையின் சொந்தச் சிறந்த அளவு. ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும் இரண்டு வாரங்களில், காலையும் மாலையும் அளந்து வரும் எண்களில் மிகக் கூடியது எதுவோ அதுவே. ஒரே தொடர்மாடியில் மேல் வீட்டுப் பையனும் கீழ் வீட்டுப் பையனும் இன்று காலை 250 ஊதினார்கள் என்று வையுங்கள். மேல் வீட்டுப் பையனின் சிறந்த அளவு 260. அவன் பந்தடிக்கப் போகலாம். கீழ் வீட்டுப் பையனின் சிறந்த அளவு 340. அவனுக்கு 250 என்பது நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்ட நிலை. தாய்மார் கிளினிக் வாங்கில் இருந்துகொண்டு "உங்கட மகன் எவ்வளவு ஊதுறார்?" என்று ஒப்பிட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்; பரீட்சைப் புள்ளியைப் போல இதை ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை. கருவிக்குக் கருவியும் அளவு சற்று வேறுபடும். பழைய ரைட் அளவுகோலுக்கும் பின்னர் வந்த ஐரோப்பிய அளவுகோலுக்கும் இடையே வேறுபாடு உண்டு. எனவே கருவி உடைந்து புதிது வாங்கினால் பழைய கொப்பியின் எண்களோடு அப்படியே தொடராமல், புதிய கருவியில் சிறந்த அளவை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டும்.

மகளுக்கு ஒன்பது வயதில் எழுதிய கொப்பி இன்னமும் அலுமாரியில் இருக்கிறது. சதுரக் கோடிட்ட கணிதக் கொப்பி; இடப்பக்கம் காலை, வலப்பக்கம் மாலை, ஓரத்தில் குறிப்பு. அப்போது அவளது சிறந்த அளவு 280. தீபாவளிக்கு முந்தின ஒரு வாரத்தின் பக்கம் இப்படி இருக்கிறது: திங்கள் காலை 255, மாலை 270, செவ்வாய் 250, 270, புதன் 215, 265, வியாழன் 210, 270. மாலை அளவை மட்டும் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது காலைதான். மூச்சுக்குழாய்கள் எல்லோருக்குமே விடியற்புறத்தில் சற்று ஒடுங்கியும் பிற்பகலில் விரிந்தும் இருக்கும். ஆஸ்துமாவில் அந்த இடைவெளி அகலமாகிறது. அதைக் கணக்கிட, அன்றைய கூடிய எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். திங்களன்று 15 ஐ 262.5 ஆல் வகுத்தால் 6 சதவீதத்துக்கும் குறைவு. வியாழனன்று 60 ஐ 240 ஆல் வகுத்தால் 25 சதவீதம். ஓரிரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் இப்படிக் கணக்கிட்டு எடுத்த சராசரி பிள்ளைகளில் 13 சதவீதத்தைத் தாண்டினால், ஏற்ற இறக்கம் அளவுக்கு மிஞ்சியது என்று கொள்வது இன்றைய வழிகாட்டல். ஓரத்தில் புதன்கிழமைக்கு நேரே மனைவியின் கையெழுத்தில் "பக்கத்து வீட்டில் பெயின்ற்" என்று இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மழையின் மேல்தான் பழியைப் போட்டிருப்போம்.

ஓரக் குறிப்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். நுளம்புச் சுருள், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, காலி வீதியோரமாக ஸ்கூல் வானுக்கு நின்ற அரை மணித்தியாலம், தடிமன் பிடித்த தம்பி, முட்டு வராமலிருக்க நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து தவறிய நாள் என்று எதையும் இரண்டு சொல்லில் எழுதி வைத்தால், மூன்று வாரத்தில் ஒரு கோலம் தெரியத் தொடங்கும். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாமே ஒத்துக்கொள்ளாமற் போவதில்லை. பயத்தில் வீட்டில் பாதி உணவைத் தடைசெய்வதை விட இப்படி எழுதிப் பார்ப்பது மேல். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிக் காலத்தில், ஓடுவதற்கு முன்னும் ஓடி முடித்து 5 முதல் 10 நிமிடத்துக்குள்ளும் ஊதிப் பார்க்கலாம். 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. போட்டியிலிருந்து பெயரை வெட்டுவதற்கான காரணம் அதுவல்ல. மருந்தைச் சரிசெய்தால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஓடலாம்.

கொப்பியில் பொய் எண் ஏறுவதும் நடக்கும். நெதர்லாந்தில் செய்யப்பட்டு 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், அளவைத் தானே பதிவுசெய்து வைக்கும் கருவியைப் பிள்ளைகளுக்குத் தெரிவிக்காமல் கொடுத்து, அவர்கள் எழுதிய குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தவை ஏறக்குறையப் பாதிப் பதிவுகளே. மீதியில் ஊதாமலே எழுதியவையும் மாற்றி எழுதியவையும் இருந்தன. இதற்காகப் பிள்ளையை ஏசுவதில் பயனில்லை. மாதக்கணக்காகக் காலையும் மாலையும் ஊதச் சொன்னால் பெரியவர்களும் அதைத்தான் செய்வார்கள். மருந்து மாற்றிய பின் இரண்டு மூன்று வாரம், தடிமன் பிடித்த நாட்கள், காரணம் விளங்காத இருமல் என்று தேவையான காலத்துக்கு மட்டும் அளந்து, மற்றக் காலத்தில் கருவியை அலுமாரியில் வைத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம். எழுதாத நாளை வெறுமையாக விடச் சொல்லுங்கள். வெற்றிடம் வைத்தியரை ஏமாற்றாது.

உண்மையில் எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் கருவி வேண்டியதில்லை. கடந்த நான்கு வாரத்தில் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இருமலோ இழுப்போ வந்ததா, இரவில் எழும்பியதா, நீல பம்ப் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா, ஓடி விளையாட முடியாமல் நின்றதா என்ற நான்கு கேள்விகளுக்கு நேர்மையான விடை கிடைத்தாலே பெரும்பாலான பிள்ளைகளின் நிலை தெரிந்துவிடும். 4 முதல் 11 வயதுக்கு ஏழு கேள்வி கொண்ட ஒரு வினாத்தாளும் உண்டு. நான்குக்குப் பிள்ளையும் மூன்றுக்குப் பெற்றோரும் விடையளிக்க வேண்டும், 19 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி வந்தால் கட்டுப்பாடு போதாது. கருவி கட்டாயமாகத் தேவைப்படுவது கடும் முட்டு வந்து வார்ட்டில் அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும், தன் மூச்சு ஒடுங்குவதைத் தானே உணராத பிள்ளைகளுக்கும். இந்த இரண்டாம் வகையினர் ஆபத்தானவர்கள். 160 ஊதிக்கொண்டே "எனக்கு ஒண்டுமில்லை அம்மா" என்று தொலைக்காட்சி பார்ப்பார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களால் பொதுவாகச் சரியாக ஊத முடியாது. அவர்களுக்கு அறிகுறிகளே அளவுகோல். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே குழாய்களின் எதிர்ப்பை அளக்கும் ஒசிலோமெற்றி என்ற முறை இருந்தாலும் அது சிறப்பு நிலையங்களுக்குரியது.

எண்களை வைத்து என்ன செய்வது என்பதற்கு வீதிச் சமிக்ஞை விளக்கின் மூன்று நிறங்களைப் பயன்படுத்துகிறார்கள். சிறந்த அளவில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பச்சை. 50 இலிருந்து 80 க்குள் மஞ்சள். 50 க்குக் கீழ் சிவப்பு. 280 சிறந்த அளவானால் 224 இலும் 140 இலும் கருவியின் மேல் நிற நாடா ஒட்டிவிடலாம். மஞ்சளில் எந்த மருந்தை எத்தனை தடவை, எப்போது வைத்தியரை அழைப்பது என்பவற்றை வைத்தியரே ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். சிவப்பில் நீல பம்பை ஸ்பேசருடன் அந்தத் தாளின்படி கொடுத்துக்கொண்டே புறப்பட வேண்டும். பிள்ளை ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் திணறினால், விலா இடுக்குகள் உள்ளிழுபட்டால், உதடு நீலித்தால், சோர்ந்து தூங்கி விழுந்தால், கருவியைத் தேடவே கூடாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சத்தமாக இழுத்த நெஞ்சு திடீரென அமைதியாகிவிட்டதென்று ஆறுதல் அடைவதும் ஆபத்து. சத்தம் எழுப்பக் கூடக் காற்றுப் போகவில்லை என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் பல வீடுகளில் இருக்கிறது. "98 காட்டுது, பயமில்லை" என்று அதை நம்பி இருந்துவிடுகிறார்கள். ஆஸ்துமாவில் ஊதும் காற்றின் வேகம்தான் முதலில் இறங்குகிறது. பிள்ளை வேகமாக மூச்சுவிட்டு இரத்தத்தின் ஒட்சிசனைப் பெருமளவு காப்பாற்றிக்கொள்கிறது. அந்த எண் இறங்கும் வேளையில் நோய் வெகுதூரம் போயிருக்கும். இறங்கினால் அவசரம் என்பது சரி, இறங்காவிட்டால் சுகம் என்பது சரியல்ல.

'பம்ப் பழகிவிடும்' என்ற பயத்தில் தடுப்பு மருந்தை இரண்டு கிழமையில் நிறுத்திவிடும் வழக்கத்துக்கும் கொப்பி ஒரு மருந்து. ஸ்ரீரொயிட் கலந்த தடுப்பு பம்ப் தொடங்கினால், சராசரியாக இரண்டு வாரத்தில் சிறந்த அளவு எட்டப்படும், அதன் பின்னும் மூன்று மாதம் வரை சராசரி ஏறிக்கொண்டும் காலை மாலை இடைவெளி சுருங்கிக்கொண்டும் இருக்கும். எங்கள் வீட்டில் பம்புக்கு எதிராக அதிகம் பேசியவர் என் மாமியார், இரண்டாம் மாதத்தில் காலை அளவு 260 க்குக் கீழே இறங்காததைத் தானே வாசித்த பிறகு, இரவு ஏழரைக்கு "பம்ப் அடிச்சாச்சோ?" என்று கேட்பவரும் அவரே ஆனார்.

பிள்ளை வளர நுரையீரலும் வளர்கிறது என்பதை மட்டும் நாங்கள் மறந்துபோனோம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு மழைக்கால இருமலில் அவள் 230 ஊதினாள். நாடா ஒட்டியிருந்த 224 க்கு மேலே முள் நின்றதால் பச்சை என்று பாடசாலைக்கு அனுப்பினோம். மதியம் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. கிளினிக்கில் உயரத்தை அளந்து, சுகமான பிறகு இரண்டு வாரம் ஊத வைத்துப் பார்த்தபோது அவளது சிறந்த அளவு 320 ஆகியிருந்தது. அதில் 80 சதவீதம் 256. அன்று காலை அவள் ஊதிய 230 மஞ்சளுக்குள் நன்றாகவே இறங்கிய எண். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, சப்பாத்து அளவு பார்க்கும் கையோடு, நாடாவையும் பெயர்த்து ஒட்டுகிறோம்.